ஓடியவர்களும் உட்கார்ந்திருந்தவனும்

லாரி டயர் வெடித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'மெதுவாக மூச்சை இழுங்கள், தோளைத் தளர விடுங்கள்' என்று சொல்லும்போதே வெளியே சாலையில் பெரிய சத்தம் கேட்டது. நான் வாக்கியத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அறையில் ஒருவரும் இல்லை.

பாய்கள் கிடந்தன. பாய்களுக்கு நடுவே ஓர் ஊன்றுகோல், ஒரு வாக்கர், இடுப்பில் கட்டுகிற பெல்ட் ஒன்று. வாக்கர் இல்லாமல் பாத்ரூம்வரைகூடப் போக முடியாது என்று சற்றுமுன் சொன்னவரையும் காணோம். ஜன்னல் வழியே பார்த்தேன். என் நோயாளிகள் எல்லாரும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

இது சிரிக்க வேண்டிய கதைதான். அவர்கள் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் நான் செய்த காரியம் சிரிக்கத் தக்கதல்ல. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசி போடாத டாக்டர்

நான் உளவியல் படித்தவன். விருதுநகரில் குடியிருந்துகொண்டு கல்லூரியில் பாடம் நடத்தினேன். சிவகாசிப் பக்கத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில், பட்டாசு வேலையில் காயம்பட்டவர்களுக்காக வாரம் ஒருநாள் 'பெயின் கிளினிக்' நடத்தக் கூப்பிட்டார்கள். தாயில்பட்டிக்குப் போகிற சாலையில், கருவேலங்காடு முடிகிற இடத்தில் அந்த ஆஸ்பத்திரி இருந்தது.

கிரானிக் பெயின் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் ஆறிவிட்டது, எலும்பு கூடிவிட்டது, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வலி போகவில்லை. தீ அணைந்த பிறகும் அபாய மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருப்பதைப் போன்றது அது. மணி அடிப்பது பொய்யல்ல. நிஜமாகவே அடிக்கிறது, காதைத் துளைக்கிறது. மாத்திரையால் அதை ஓரளவுதான் அடக்க முடியும். பயத்தைக் குறைப்பது, தூக்கத்தைச் சரிசெய்வது, வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்யப் பழக்குவது, இவையெல்லாம் என் பங்கு.

முதல் நாள் என்னைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள்தான் வாயைத் திறந்தார். திரி வெட்டுகிற வேலை பார்த்தவர். வெந்துபோன வலது கை ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

"ஊசியும் இல்ல, மாத்தரையும் இல்லங்கிறீக. அப்ப அந்தப் பையில என்னதான் சார் வச்சிருக்கீக?"

"டிபன் பாக்ஸ்மா."

"அப்பச் சரி. ஒங்களுக்காவது உபயோகமா இருக்கட்டும்."

வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்பது எங்கள் தொழில் வழக்கம். பெயின் ஸ்கேல் என்போம். பேச்சியம்மாள் யோசித்து, சீசன் இல்லாத நாளில் பத்து, சீசனில் ஒன்றுமே இல்லை என்றார். அது எப்படி என்று கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னால வலிக்க ஏது சார் நேரம்? ஆர்டர அனுப்பிட்டு மொத்தமா வலிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவசரத்தில் வலி ஒதுங்கி நிற்கும், பிறகு சேர்த்துவைத்து வரும் என்பது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் கரும்பலகையில் படம் போட்டு நானே நடத்தியிருக்கிறேன். நான் சொல்லப்போகிற தவறு தெரியாமல் நடந்ததல்ல என்பதற்காக இதை இங்கேயே குறித்துவைக்கிறேன்.

மாரியப்பனுக்கு வேண்டியிருந்தது

மாரியப்பன் ஏழாயிரம்பண்ணைக்காரர். பட்டாசு கம்பெனியில் லோடுமேன். ஒருநாள் அவர் தலையில் பெட்டியோடு லோடு ஏற்றுகிற திண்டின் விளிம்பில் நின்றபோது பக்கத்து அறை வெடித்தது. பெட்டியை விட்டுவிட்டுக் குதித்தவர் மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். அது கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. ஆனால் குனிந்தால் வலித்தது, நிமிர்ந்தால் வலித்தது. தும்மல் வரும்போலிருந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

லோடு தூக்க முடியாது, லேபிள் ஒட்டுகிற செக்‌ஷனில் போடுங்கள் என்று அவர் கம்பெனியில் கேட்டிருந்தார். அவருக்கு வலி உண்டா என்று நான் சொல்லப்போகும் பதிலுக்காகக் கம்பெனி காத்திருந்தது. கூட வேலை பார்த்தவர்களோ, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதவனுக்கு எங்கிருந்து வலி வரும் என்று காதுபடப் பேசினார்கள். முதல் செஷன் முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வலி போகுதோ இல்லையோ சார். இவனுக்கு வலிக்கி, அது நெசந்தான்னு படிச்சவுக ஒருத்தர் சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

வேப்பமரத்தடியில்

பட்டாசு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செருப்பையும் செல்போனையும் வெளியே விட்டுவிட்டு, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்ப்பதில்லை, ஓடிவிட வேண்டும். வெட்ட வெளிக்கு வந்ததும் முதல் வேலை, கூட உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. எல்லாரும் பதில் கொடுத்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கும் வேப்பமரத்தடியில் பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை.

நான் ஜன்னலோரம் நின்றபோது பின்னாலிருந்து யாரோ என் கையைப் பற்றினார்கள். மாரியப்பன். "வெளிய வாங்க சார்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மூட்டையை இழுப்பதைப்போல் இழுத்துக்கொண்டு போய்விட்டார். படியில் தடுக்கினேன், சட்டைப் பொத்தான் தெறித்தது. மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அதற்குள் சாலையிலிருந்து ஒருவர் வந்து, லாரி டயர்தான் வெடித்தது என்றார்.

அவ்வளவுதான், சிரிப்பு கிளம்பிவிட்டது. பேச்சியம்மாள் சொன்னார்: "நம்ம சார் தைரியசாலி. வெடிச்ச பெறகும் நிறுத்தாம மூச்சு இழுத்துக்கிட்டுல்ல இருந்தாக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்தான் போன சட்டையோடு நின்ற பேராசிரியருக்கு முகம் எரிந்தது. நான் மாரியப்பனைப் பார்த்துச் சொன்னேன்.

"இவ்வளவு வேகமா ஓட முடியுது. ஒரு ஆளை இழுத்துக்கிட்டும் வர முடியுது. அப்போ முதுகுவலின்னு சொன்னதெல்லாம் நடிப்பா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாரியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அப்போதும் நேராகத்தான் நடந்தார். அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவருடைய கம்பெனி மேனேஜர் போன் செய்து மாரியப்பனின் நிலைமை எப்படி என்று கேட்டார். "நல்லா ஓடுறார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தவர்கள் எல்லாருமே முன்பைவிட மோசமாக நடந்து வந்தார்கள். வாக்கர்காரர் படுத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாரியப்பன் வரவே இல்லை. லோடு தூக்க வா, இல்லாவிட்டால் வராதே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். பேச்சியம்மாள் இதைச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு ஓடுனதுல கை எரிச்சல் தாங்காம மறுநா படுத்தவ, முந்தாநாத்தான் சார் எந்திரிச்சேன். ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"எப்பிடிச் செய்யும்? நீங்க எங்க ஓடுனீக, மாரியப்பன்ல ஒங்களத் தூக்கிட்டு வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மூச்சுப் பயிற்சியை ஆரம்பிக்கலாமா என்று அவரே கேட்டார். என்னால் ஆரம்பிக்க முடியவில்லை.

அந்த விஞ்ஞானம் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் மறந்துபோனது என்றுகூடச் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலும் இழுத்துக்கொண்டு வரப்பட்டதில் எனக்கு அவமானமாக இருந்தது. அதை இறக்கிவைக்க ஒரு முதுகு தேவைப்பட்டது. ஏற்கெனவே விரிசல் கண்ட முதுகு அது.

சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி

அன்றே பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். மாரியப்பன் வீடு எது என்று டீக்கடையில் கேட்டால், "ஓட்டக்காரன் வீடா?" என்கிறார்கள். நான் போட்ட விதை அதற்குள் பட்டப்பெயராக முளைத்திருந்தது.

அவர் மனைவி தங்கம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் திரும்பாமலே பதில் வந்தது.

"வாங்க சார். ஓடுறவுகளப் பாக்க வந்தீகளா, படுத்துக் கெடக்குறவுகளப் பாக்க வந்தீகளா? ஓடுறவுக யாரும் இந்த வீட்டுல இல்ல."

படுத்திருக்கிறவரைத்தான் என்றேன். உள்ளே மாரியப்பன் பாயில் கிடந்தார். முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கு. என்னைப் பார்த்ததும் மரியாதைக்காக எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைவிட எனக்கு வேறு தண்டனை தேவையில்லை. தரையில் உட்கார்ந்து, அவர் ஓடியதும் உண்மை, வலியும் உண்மை, இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பது எனக்கு அன்றே தெரியும் என்று சொன்னேன். என் கோபம் என்மேல்தான் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் நடிக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். அத எங்கிட்ட வந்து சொல்றீக. அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போதுல்ல சொன்னீக."

"எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்."

"கம்பெனியில?"

"கம்பெனியிலயே வந்து சொல்றேன்."

வாசலிலிருந்து தங்கத்தின் குரல் வந்தது. "மறுபடி வார்த்தை மாற மாட்டீகளே? எதுக்கும் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. பாதி மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளை

போனில் சொன்னால் போதுமே என்றார் மேனேஜர். போனில்தான் தப்பாகச் சொன்னேன், இதை நேரில் சொல்கிறேன் என்றேன். மத்தியானம் எல்லாரும் வெடிமருந்து அறைகளை விட்டுத் தள்ளி, மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். ஒரு ஓரமாக மாரியப்பன், தங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

மாரியப்பன் நடிக்கவில்லை, ஆபத்து என்று தோன்றினால் உடம்பு வலியை ஒத்திப்போட்டுவிட்டு ஓடும், ஓடி முடித்த பிறகு வலி வந்து சேரும் என்றேன். இது தெரிந்திருந்தும் என் வெட்கத்தை மறைக்க அவர்மேல் பழி போட்டேன் என்றேன்.

போர்மேன் சங்கரபாண்டிதான் அந்தப் பட்டப்பெயரைக் கிளப்பியவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

"அப்ப பயந்தா வலி தெரியாதுங்கிறீக."

"கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது."

"நீங்க சொல்றது வாஸ்தவந்தான் சார். மேனேஜர் வாரபோதெல்லாம் என் முட்டிவலி எங்க போகுதுன்னே தெரியல."

மேனேஜர் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் முழுக்க வெடித்துச் சிரித்தது. கடைசியில் மேனேஜரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் வயதான லோடுமேன் ஒருவர் கேட்டார். "பயத்துல ஓடுனான், சரி. திரும்ப உள்ள போயி ஒங்களக் கூட்டிட்டு வந்தானே, அதுவும் பயமா சார்?"

சங்கரபாண்டி சொன்னார்: "அது இங்கன பளக்கம்யா. கூட உக்காந்தவுகள விட்டுட்டு வந்தா சோறு எறங்குமா?" பிறகு மாரியப்பனைப் பார்த்து, "ஏலே மாரி, நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? வா, ஒக்காரு. ஒக்கார முடியாட்டிப் படுத்துக்கிட்டுத் தின்னு" என்று தன் தூக்குவாளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரமே மாரியப்பன் லேபிள் செக்‌ஷனுக்குப் போனார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. அதைச் சொல்கிற குரல் மாறிவிட்டது.

தட்டுச் சத்தம்

அதன் பிறகு கிளினிக்கை மாற்றினேன். அதுவரை வெளிச்சத்தம் தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்லி, வாசலோரம் உட்கார்ந்தவர்களை நடுவுக்கு வரச் சொல்லி ரிலாக்சேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். எந்த நேரமும் ஓடத் தயாராகத் தோளையும் இடுப்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்களை, சாத்தின கதவுக்குள் தளர்ந்து உட்காரச் சொன்னால் எப்படி முடியும்? அந்த இறுக்கம்தான் அவர்கள் வலிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தேன். பாய்கள் வாசலைப் பார்த்துத் திரும்பின.

ஓடுவதையே பயிற்சியாக்கலாம் என்பது என் யோசனை. அதற்குத் தட்டு கொண்டுவந்தது மாரியப்பன். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் மெல்லத் தட்டுவார். எல்லாரும் எழுந்து, முன்கூட்டியே பேசிவைத்த வேகத்தில் வேப்பமரம்வரை போக வேண்டும். பெயர் கூப்பிட வேண்டும். திரும்பி வந்து உட்கார வேண்டும். வலி சொல்லும் முன்பே நிறுத்துவதை எங்கள் பாஷையில் பேசிங் என்போம். வாராவாரம் சத்தம் கொஞ்சம் கூடியது, நடையும் கூடியது. சத்தம் என்றால் நெருப்பு என்றிருந்த உடம்புகள், சத்தம் என்றால் வேப்பமரம், சிரிப்பு, டீ என்று மெல்லப் பழகின.

கடைசியாக வருகிறவர் பாட்டுப் பாட வேண்டும் என்று அவர்களே ஒரு விதி போட்டார்கள். நான்தான் எப்போதும் கடைசி. என் பாட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேச்சியம்மாள், "இதுக்கு லாரி டயரே தேவல சார்" என்றார்.

ஒருநாள் அதே பேச்சியம்மாள் வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் அண்டா கீழே விழுந்ததாம், அவர் திடுக்கிடவே இல்லையாம். கல்யாணச் செய்தி சொல்வதைப்போல் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னார். வாக்கர்காரர், தன் வீட்டில் வாக்கர் இப்போது துண்டு காயப்போடத்தான் உதவுகிறது என்றார். மாரியப்பனுக்கு வலி முழுசாகப் போகவில்லை, போகவில்லை என்றே எழுதுகிறேன். ஆனால் சுவரைப் பிடிக்காமல் தும்மினார். "வலி இருக்கு சார். அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்" என்றார்.

நானும் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். கூடுதலாக எதையாவது செய்தவருக்கு மறுநாள் காலையில் போன் செய்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு மனிதர் கிளினிக்கில் நடப்பதையும் ஓடுவதையும் வைத்து அவருக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுதாதீர்கள். மறுநாள் காலையை விசாரியுங்கள்.

ஊன்றுகோல்

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். முழங்கால் தேய்ந்து ஊன்றுகோலோடு நடக்கிறேன். இந்த வருடம் சீசன் தொடங்கும் முன்பு அந்தக் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். புது ஆட்களுக்கு எப்படி வெளியேறுவது, எப்படிப் பெயர் கூப்பிடுவது என்று சொல்லிக் கொடுப்பவர் மாரியப்பன்தான். என்னையும் அழைத்து, சால்வை போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு சைரன் ஊதும் என்று சொல்லியிருந்தார்கள். மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோதே ஊதிவிட்டது.

இந்தமுறை நான் உட்கார்ந்திருக்கவில்லை. நினைவு வந்தபோது மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். சால்வை தோளில் இருந்தது. ஊன்றுகோல் நாற்காலியோடு இருந்தது.

"சார் வந்தாச்சா?" என்று மாரியப்பனின் குரல் கேட்டது. மற்ற பெயர்களுக்கெல்லாம் முன்னால் அதைத்தான் கூப்பிட்டார்.

"வந்தாச்சு" என்றேன்.

எல்லாப் பெயர்களும் முடிந்த பிறகு அவர் போய் என் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி கேட்டார்.

"முட்டிவலின்னு கம்பெல்லாம் ஊனிக்கிட்டு வந்தீக. இம்புட்டு வேகமா ஓடுறீகளே சார். நடிப்பா?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். சங்கரபாண்டி சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அப்படிச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் என்னால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. இரண்டு முழங்காலும் பனங்காய்போல் வீங்கியிருந்தன. போன் அடித்தது.

"சார், இன்னைக்கு எப்பிடி இருக்கு?"

"எந்திரிக்க முடியல, மாரியப்பன்."

"தெரியும். அதான் கேட்டேன். அசையாமப் படுத்திருங்க. தங்கம் காப்பி போட்டுப் பிளாஸ்க்குல ஊத்திக்கிட்டு இருக்கா, முத பஸ்ஸுக்கு வாரோம். இந்தா, சக்கரை எம்புட்டுப் போடன்னு கேக்கா."

"தூக்கலாவே போடச் சொல்லுங்க" என்றேன்.